பன்னிரண்டு தாங்கிகளில் இரண்டு

காலை ஒன்பது பத்து. மறுபடி உருக்குவதற்காகக் கழிவுத் துண்டுகளைப் போட்டு வைக்கும் தொட்டியில், வெளிறிய வெள்ளி நிறத்தில் உடைந்து கிடந்த இரும்புக் கழுத்துகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பென்சில் முனையின் நிறத்தில் இருந்தது. உள்ளங்கை அகலம். கையில் எடுத்துப் பார்த்தபோது விரலில் கரி ஒட்டியது.

நான் முன்பு பொறுப்பில் இருந்த வார்ப்பாலை ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அந்தத் தொட்டிப் பக்கம் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போது, அது ஆறிச் சுருங்கும் இடத்தை நிரப்ப மேலே ஒரு கையிருப்பு விடுகிறோம். அதன் பெயர் ரைசர். ஆறிய பிறகு அதன் கழுத்தில் அடித்து உடைத்து எடுத்துவிடுவோம். இழுத்தால் நீளக்கூடிய எஸ்.ஜி. இரும்பாக இருந்தால் கழுத்து லேசில் விடாது. கிரைண்டரில் ஒரு வெட்டு போட்டு, நாலைந்து முறை சம்மட்டியால் அடிக்க வேண்டும். உடைந்த இடம் வெளிறி இருக்கும். சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பு ஒரே அடியில் விழும். உடைந்த இடம் கறுத்திருக்கும்.

இரண்டுக்கும் வேறுபாடு உள்ளே இருக்கும் கரியின் வடிவம்தான். சாம்பல் இரும்பில் கரி மெல்லிய ஏடு ஏடாக உறைந்திருக்கிறது. ஒவ்வொரு ஏட்டின் நுனியும் ஒரு விரிசலின் தொடக்கம். உருகிய இரும்பில் கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்தால் அதே கரி உருண்டை உருண்டையாக உறைகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெள்ளைத் துணியில் கேழ்வரகு சிந்திய மாதிரி இருக்கும். உருண்டைக்கு நுனி கிடையாது. அதனால் இந்த இரும்பு பாரம் தாங்காமல் போகும்போது முதலில் வளையும், நீளும், பிறகுதான் உடையும். சாம்பல் இரும்பு மட்டமானது இல்லை. மெஷின் படுக்கைக்கும் பிரேக் டிரம்முக்கும் அதைவிட நல்லது கிடையாது. அமுக்கினால் தாங்கும், அதிர்வை விழுங்கும். ஆனால் அதை இழுக்கக் கூடாது, அதில் எதையும் தொங்கவிடக் கூடாது.

அந்த வாரம் நாங்கள் வார்த்தது தொங்கவிடும் பொருள். கிணறு வெட்டும் கிரேனின் கை நுனியில் கப்பியைப் பிடித்திருக்கும் தாங்கி. அந்தக் கப்பி வழியாகத்தான் கம்பி வடம் ஓடும். வடத்தின் நுனியில் பக்கெட். பக்கெட்டில் வெட்டிய கல் மேலே வரும், காலையும் மாலையும் ஆளும் போய் வருவார்கள். அதுவரை தகட்டை வெல்டு செய்து தாங்கி செய்துகொண்டிருந்த தருமபுரி கிரேன்காரர் ஒருவர் எஸ்.ஜி. இரும்பில் பன்னிரண்டு கேட்டிருந்தார். திங்கட்கிழமை, உருகிய இரும்பை ஏந்தும் லேடில் வாளி ஒன்றிலிருந்தே பன்னிரண்டு அச்சுப் பெட்டி ஊற்றினோம். செவ்வாய்க்கிழமை மதியம் ரைசர்களைத் தட்டி எடுத்தார்கள். அதே லேடிலிலிருந்து தனியாக ஊற்றிய சாம்பிளை நான் சோதித்தேன். கேழ்வரகு மணிகள் உருண்டையாக இருந்தன. சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். மாலை ஆறு மணிக்கு அவருடைய வண்டியே வந்து ஏற்றிப் போனது. நான் தொட்டி முன் நின்றது புதன்கிழமை காலை.

ரைசர் தட்டும் வேலை பச்சையம்மாளுடையது. பதினேழு வருடமாகச் சம்மட்டி பிடிப்பவர். துண்டைக் காட்டிக் கேட்டேன்.

"ஆமாங்க மேடம், அது ஒண்ணு ஒரே அடியில வுழுந்துச்சு. மத்ததெல்லாம் என் தோள கழட்டிடுச்சு. இது மட்டும் நல்ல புள்ளன்னு நெனச்சுக்கினேன்."

இன்னொன்றும் அப்படி விழுந்ததா என்று கேட்டதற்குச் சற்று யோசித்து, இரண்டு அடியில் ஒன்று விழுந்ததாகச் சொன்னார். தொட்டியைக் கிளறினோம். அதுவும் கிடைத்தது. பாதி வெளிறி, பாதி கறுப்பு. எந்தத் தாங்கியிலிருந்து விழுந்தவை என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அப்போது நாங்கள் வார்ப்புகளுக்கு எண் போடுவதில்லை.

அடுத்து மாதையனிடம் போனேன். லேடிலைச் சாய்த்து ஊற்றுபவர் அவர். திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்றார். பிறகு, பத்துப் பெட்டி முடிந்தபோது கரன்ட் போனது என்றார். லேடிலைத் தூக்கும் ஹாயிஸ்ட் நடுவழியில் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் அன்றைக்கென்று மக்கர் செய்தது. லேடிலுக்கு மூடி போட்டுக் காத்திருந்து, மின்சாரம் வந்ததும் மிச்சம் இரண்டு பெட்டியையும் ஊற்றியிருக்கிறார். சூடு போதுமானதாக இருந்தது, அச்சு முழுதாக நிரம்பியது, வார்ப்பு பார்க்க அழகாக இருந்தது. பதிவேட்டில் எழுத அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று கேட்டேன். பத்து நிமிடம் இருக்கும் என்றார். உருகிய இரும்பில் மெக்னீசியம் தங்காது. நிமிடத்துக்கு நிமிடம் எரிந்து போய்க்கொண்டே இருக்கும். எட்டு நிமிடத்துக்குள் லேடில் காலியாக வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அந்தக் கடைசி இரண்டு பெட்டிக்குப் போனது பதினைந்து நிமிடம் பழசான இரும்பு.

"அப்ப சாம்பிள எப்ப ஊத்துனீங்க?"

"மொதல்லதாங்க. எப்பவும் மொதல்லதானே. சாம்பிள் கசடு இல்லாம சுத்தமா வரணும்னு நீங்கதான மேடம் சொன்னீங்க."

சொன்னது நான்தான். அதற்கு நாலைந்து வருடம் முன்பு, சாம்பிளில் கசடு விழுந்து மெருகேற்ற முடியாமல் போனதற்காக அவரைச் சத்தம் போட்டிருந்தேன். அன்றிலிருந்து அவர் லேடிலின் முதல் ஊற்றை, நல்ல சூட்டில், சாம்பிள் அச்சுக்குக் கொடுத்து வந்தார். லேடிலிலேயே சிறந்த இரும்பைத்தான் நான் அத்தனை வருடமும் சோதித்திருக்கிறேன்.

இதன் பிறகு நான் செய்ததை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நேராக ஆய்வகத்துக்குப் போய், கறுத்த கழுத்தில் ஒரு துண்டு அறுத்து, உப்புத்தாளில் தேய்க்க உட்கார்ந்தேன். மைக்ராஸ்கோப் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது தாளுக்கு மாறும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் போயிருந்தது. உள்ளே என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று அந்தக் கருவி சொல்லாதா என்ற ஆசையில்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். துண்டை வைத்துவிட்டு முதலாளி அறைக்குப் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை. நியாயமான கேள்விதான் கேட்டார். "மேடம், மைக்ராஸ்கோப்புல பாத்துட்டே சொல்லலாமே. அரை மணி நேரந்தானே. பன்னெண்டுல பத்து நல்லதுன்னு நீங்களே சொல்றீங்க. பேரு கெட்டா திரும்ப வராதுங்க."

"சார், அந்த அரை மணி நேரத்துல பக்கெட் எத்தனை தடவ ஏறி எறங்கும்?"

அவர் போனை என் பக்கம் தள்ளினார்.

மணி ஒன்பது முப்பத்தைந்து. கிரேன்காரர் எடுத்தார். பதினொரு தாங்கி வொர்க்ஷாப்பில் இருக்கிறது, ஒன்றை நேற்று இரவே மாட்டிவிட்டோம், அந்த கிரேன் விடியற்காலையில் பாப்பாரப்பட்டி தாண்டி ஒரு கிணற்றுக்குப் போய்விட்டது என்றார். மாட்டியது எது என்று கேட்பதில் பொருள் இல்லை. பன்னிரண்டும் ஒன்று போலவே இருந்தன. கிணறு வெட்டும் மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்தார். மூன்று முறை அடித்தேன், எடுக்கவில்லை. என்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது. நான்காவது முறை அடிக்கும்போது நானும் மாதையனும் வேனில் ஏறி, தருமபுரி சாலையில் போய்க்கொண்டிருந்தோம்.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு மேஸ்திரி எடுத்தார். நான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். முதலில் என்ஜினை அணைக்கச் சொன்னேன். அணைத்தார். பிறகுதான் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"காலையிலேர்ந்து இருவது நடை ஏத்திட்டனுங்க மேடம். பாறதான். ஒண்ணும் ஆவலையே."

"ஆகறதுக்கு முன்னால அது ஒண்ணும் காட்டாதுங்க. வளைஞ்சு காட்டாது. நல்லாத்தான் இருக்கும், திடீர்னு உடைஞ்சிடும்."

மேஸ்திரி கேட்டார்: "கீழ ரெண்டு பேரு இருக்காங்க. அதுல ஒருத்தன் என் தம்பி. அவங்கள மட்டும் ஏத்திட்டு நிறுத்தட்டுங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் உங்களிடம் இந்தக் கதையைச் சொல்கிறேன். என் கையில் இருந்த கணக்கு இதுதான். பன்னிரண்டில் பத்து நல்லது. பாறையோடு இருபது நடை தாங்கியிருக்கிறது. ஆள் பாரம் பாறையைவிடக் குறைவு. ஏற்றிவிடுங்கள் என்று சொன்னால் அனேகமாக ஒன்றும் நடக்காது. வேனில் இருந்த மாதையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் திருப்பி இரண்டு கேள்வி கேட்டேன். இன்று காலையில் வெடி வைத்தீர்களா? இல்லை, நேற்று வெடித்ததை அள்ளுகிறோம், கீழே புகை இல்லை என்றார். தண்ணீர் ஊறுகிறதா? சொட்டுக்கூட இல்லை என்றார். அப்படியானால் அவர்கள் கீழே இருப்பதில் வெயிலையும் பசியையும் தவிர ஆபத்து எதுவும் இல்லை.

"ஏத்தாதீங்க. அங்கயே இருக்கட்டும். வேற தாங்கி வருது."

"எவ்ளோ நேரங்க?"

"மூணு மணி நேரம் ஆகலாங்க."

அவர் போனை வைக்காமலே கீழே குனிந்து கூவியது கேட்டது. இரண்டு பேரையும் பக்கெட்டைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கச் சொன்னார். வெறும் வடத்தை மேலே இழுத்து, கிரேனின் கையைக் கிணற்று வாயிலிருந்து விலக்கித் திருப்பினார்கள். இதை நான் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியது. மேலே இருந்து எதுவும் விழக்கூடாது என்பதை அந்தத் தொழிலில் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

தருமபுரியில் கிரேன்காரரை ஏற்றிக்கொண்டோம். வொர்க்ஷாப்பில் நின்றிருந்த இன்னொரு கிரேனிலிருந்து, தகட்டில் செய்த பழைய தாங்கியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். அதைக் கழற்றத்தான் நேரமாகிவிட்டது, ஒரு போல்ட் துருவேறிச் சுழலவில்லை. பாப்பாரப்பட்டி போகும்வரை அவர் என்னுடன் பேசவில்லை. மாதையனிடம் மட்டும் உங்கள் ஊர் எது என்று கேட்டார்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கிணற்றுக்காரர் வீட்டிலிருந்து போண்டாவும் தண்ணீரும் வந்திருந்தது. கைக்கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். செங்குத்தான பாறை, ஏறுவதற்குப் பிடி ஒன்றும் இல்லை. அடியில் இரண்டு தலைப்பாகை தெரிந்தது.

"கம்பெனி மேடம் வந்துட்டாங்கடா" என்று மேஸ்திரி கீழே சொன்னார்.

"அவசரமில்லேன்னு சொல்லுண்ணா. மேல வந்தா நீ வேலதான் வெப்ப" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

தாங்கியை மாற்றுவது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. துளைகள் ஒன்றுக்கொன்று சரியாக உட்காரவில்லை. கிரேன்காரரும் மாதையனும் வியர்க்க வியர்க்க முடுக்கினார்கள். பிறகு பக்கெட் இல்லாமல் ஒரு பாறையைக் கட்டி, கிணற்றுக்கு வெளியே பத்து முறை தூக்கி இறக்கிப் பார்த்தோம். மேஸ்திரி பதினோராவது முறையும் தூக்கச் சொன்னார். மணி ஒன்று ஐந்துக்கு முதல் ஆள் மேலே வந்தார். ஒன்று பத்துக்கு மேஸ்திரியின் தம்பி வந்தார். தரையில் கால் வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, போண்டாவுக்குச் சட்னி வைக்கவில்லை என்பது.

"சட்னி கேக்கறான் பாருங்க" என்றார் மேஸ்திரி. பிறகு வெட்டிப் போட்ட கல் குவியலின் மேல் உட்கார்ந்தார். எனக்கும் அப்போதுதான் கால் வலிப்பது தெரிந்தது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காததும் தெரிந்தது. மிச்சமிருந்த போண்டாவில் இரண்டு தின்றேன். தம்பி சொன்னது சரிதான்.

கழற்றிய தாங்கியை ஒரு கம்பியில் கட்டிப் புளியமரக் கிளையில் தொங்கவிட்டோம். மாதையன் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினார். கோயில் மணி அடித்து ஓய்கிற மாதிரி நீண்டு ஒலித்தது. ஏடு ஏடான கரி உள்ளே இருந்தால் அது ஒலியை விழுங்கிவிடும், இப்படி நீளாது.

"இது நல்லதுங்க மேடம்" என்றார் மாதையன், மெதுவாக.

மெதுவாகச் சொன்னாலும் தம்பிக்குக் கேட்டுவிட்டது. "அப்ப மூணு மணி நேரம் எங்கள சும்மாவா குந்த வெச்சீங்க?"

அதற்குள் மேஸ்திரி எழுந்து வந்தார். தாங்கியைத் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"ஒரு தட்டு தட்டி காதால கேட்டு நல்லதுங்கிறீங்க. நாளைக்கு இதயே மாட்டுனா மொதல்ல நீங்க எறங்குவீங்களா மேடம்?"

கேலிதான். ஆனால் கண்ணைப் பார்த்துக் கேட்டார். முழுதாகச் சோதிக்காததை நல்லது என்று சொல்லிவிடக் கூடாது என்று அன்று காலையில்தான் கற்றிருந்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, தாங்கியை வேனில் ஏற்றினேன்.

திரும்பும் வழியில் வொர்க்ஷாப்பில் இறங்கி, மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுத் தட்டினோம். ஒன்பது ஒலித்தன. இரண்டு, ஈர மண்ணில் கல் விழுந்த மாதிரி சத்தம் கொடுத்து நின்றுவிட்டன. அந்த இரண்டில் ஒன்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக் காய வைத்திருந்தார்கள். அன்று மாலை காரிமங்கலம் பக்கம் போக வேண்டிய கிரேனுக்கு அது. கிரேன்காரர் அந்தப் பெயின்டை விரலால் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு என்னிடம் பேசத் தொடங்கினார். முதலில் சொன்னது, இனிமேல் நம்பர் போடாமல் எதையும் அனுப்பாதீர்கள் என்பதுதான்.

மாலை ஐந்து மணிக்கு ஆய்வகத்தில் மூன்று துண்டுகளை மெருகேற்றி அடுத்தடுத்துப் பார்த்தேன். மஞ்சள் அடித்ததன் துண்டில் அங்கொன்று இங்கொன்றாகத்தான் உருண்டை. மிச்சமெல்லாம் புழு மாதிரி நெளிந்து, நடுவே ஏடுகளும் இருந்தன. செவ்வாய்க்கிழமை நான் பார்த்த சாம்பிளை மறுபடி பார்த்தேன். அதே கேழ்வரகு. கிணற்றிலிருந்து கொண்டுவந்த தாங்கியில், ரைசர் இருந்த மேட்டிலிருந்து ஒரு சிறு துண்டு அறுத்திருந்தேன். அதிலும் கேழ்வரகு. ஐந்து இடத்தில் பார்த்தேன். பச்சையம்மாள் போகும் வழியில் எட்டிப் பார்த்து, அவரும் ஒருமுறை கண் வைத்துப் பார்த்தார். இதற்கா நான் தோள் வலிக்க அடிக்கிறேன் என்று கேட்டார். ஆமாம் என்றேன். இனி ஒரே அடியில் விழுவதைத் தொட்டியில் போடாமல் என் மேஜையில் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். நான் பணி ஓய்வு பெறும்வரை அவர் நாலு முறை கொண்டுவந்து வைத்தார். நாலில் மூன்று நல்ல இரும்பு, வெட்டு ஆழமாகப் போட்டதால் விழுந்தவை. ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டேன்.

வேலைக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் ஒரு நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே, நடந்ததை நடந்த வரிசையில் எழுது என்பார்கள். அன்று இரவு எழுதிய அறிக்கையையும் அப்படியே எழுதினேன். சாம்பிள் லேடிலின் முதல் ஊற்றிலிருந்து எடுக்கப்பட்டது, அப்படி எடுக்கச் சொன்னது ஆய்வகப் பொறுப்பாளர் என்று ஒரு வாக்கியம் இருந்தது. அது அவசியமா என்று முதலாளி கேட்டார். மாதையன் பெயர் அந்த இடத்தில் வந்துவிடக் கூடாது என்றேன். அவர் மறுபடி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இப்போது நீங்கள் சாம்பிளைக் கடைசிப் பெட்டிக்கும் பிறகு, லேடிலின் அடி இரும்பிலிருந்து எடுக்கிறீர்கள். கசடு வருகிறது, மெருகேற்ற நேரம் பிடிக்கிறது என்று உங்களில் ஒருவர் சலித்துக்கொண்டதாகத் தெரிந்தது. கசடோடுதான் வரும். தேய்த்துப் பழகுங்கள்.

மறுநாள் காலை, கிணற்றில் கழற்றிய தாங்கியை, மாதையன் அதில் பதினேழு என்று எண் அடித்த பிறகு, எடுத்துக்கொண்டு நானும் மாதையனும் மறுபடி பாப்பாரப்பட்டிக்குப் போனோம். ஒன்றிலிருந்து தொடங்காமல் ஏன் பதினேழு என்று அங்கே வந்திருந்த கிரேன்காரர் கேட்டார். பச்சையம்மாளின் பதினேழு வருடம் என்று மாதையன் சொன்னார். எனக்கே அது அப்போதுதான் தெரியும். மேஸ்திரி தாங்கியை மாட்டினார். ஒவ்வொரு போல்ட்டையும் தம்பி ஒருமுறை, அவர் ஒருமுறை முடுக்கிப் பார்த்தார்கள். பிறகு மேஸ்திரி பக்கெட்டை என் பக்கம் தள்ளினார்.

நான் முதலில் ஏறினேன். மாதையன் பின்னால் ஏறினார். பக்கெட் கிணற்றின் அடியைத் தொட ஒரு நிமிடம் பத்து விநாடி ஆனது.